அரைக்கதவுக்காரர்

உலகத்து உயிர்களையெல்லாம் நிற்பன, நடப்பன, ஊர்வன, பறப்பன என்று வகுத்துத் தந்த முன்னோர், கடைக் கதவைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு அதன் கீழே குந்தியிருப்பன என்று ஒரு வகையைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் காலத்தில் இரும்பு ஷட்டர் இல்லை, ஊரடங்கும் இல்லை. இரண்டையும் ஒருங்கே காணும் பேறு நமக்கே வாய்த்தது. ஆகவே, வாசகரே, விட்டுப்போன அந்த உயிரினத்தை இன்று பட்டியலில் சேர்த்துவிடுவோம். அதன் பெயர் அரைக்கதவுக்காரர்.

இவரை நீங்கள் அறிவீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார். அதற்கு முன்னே அவர் மூக்குக்கண்ணாடி விற்றிருக்கலாம், அழைப்பிதழ் அச்சிட்டிருக்கலாம், கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். எதுவாயினும் பெரிய முதலாளி அல்லர். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, மூன்று பக்கம் அலமாரி. முதலாளியும் அவரே, பணியாளும் அவரே, பணியாளைக் கடிந்துகொள்பவரும் அவரே. ஒருநாள் மாலை எல்லாக் கடைகளையும் மூடச் சொல்லி அறிவிப்பு வந்தது. மறுநாள் மாலை, அத்தியாவசியப் பொருள் விற்போர் மட்டும் காலை ஆறு முதல் பத்து வரை திறக்கலாம் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது. அந்த இரண்டாம் மாலையில் பிறந்தது இவ்வினம். தம் கடைச் சரக்கு அத்தியாவசியம் அன்று என்று மனமார ஒப்புக்கொண்ட கடைக்காரர் ஒருவரையேனும் நீங்கள் கண்டதுண்டா?

பழைய செய்யுள் மரபு நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் பறவையும் பறையும் ஒழுக்கமும் விதித்தது. ஊரடங்குக் கடைத்தெருவை ஆறாவது நிலமாகக் கொள்வோமானால், அதன் பெரும்பொழுது தொற்று அலை. சிறுபொழுது காலை ஆறு முதல் பத்து. பறவை, விரட்ட ஆளில்லாமையால் நடுவீதியில் பெரிய மனிதரைப் போல நடை பழகும் காகம். பறை, ஒலிபெருக்கி கட்டிய நகராட்சி வண்டி. அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கம், எட்டிப் பார்த்தலும் எட்டிப் பார்த்தல் நிமித்தமும்.

இந்த இனத்துக்கு மாலை வழிபாடு ஒன்று உண்டு. விளக்கேற்றும் வேளையில் தொலைக்காட்சியின் முன்னே வந்து அமர்ந்து, அன்றைய பட்டியலைக் கேட்க வேண்டும். பால், மருந்து, மளிகை என்று ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும்போது, பரீட்சை முடிவில் தன் பிள்ளையின் எண்ணைத் தேடும் தகப்பனைப் போல உதடு அசைய வேண்டும். தம் தொழில் வராமலே பட்டியல் முடிந்ததும் பெருமூச்சு ஒன்று விட்டு, "நாளைக்குச் சேர்த்துடுவாங்க" என்று சொல்ல வேண்டும். நாளைக்கும் சேர்க்க மாட்டார்கள். அப்போது என்ன செய்வது? பட்டியல் கடைக்கு வராவிட்டால், கடை பட்டியலுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப் போன ஒருவரை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். தெருவார் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். சூட்கேஸ் கடை. யாரும் எங்கும் போகக் கூடாது என்று உலகம் முழுதும் ஒரே குரலில் ஆணையிட்ட நாளில், பயணப் பெட்டிகள் இருநூறை அடுக்கிக்கொண்டு அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தவர் அவர். விதி சிலரிடம் வன்மம் காட்டும்; சிலரிடம் நகைச்சுவை காட்டும்.

தெய்வத்தைப் பாடுவோர் திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடிக்க வேண்டும், மனிதரைப் பாடுவோர் முடியில் தொடங்கி அடியில் முடிக்க வேண்டும் என்பது மரபு. அரைக்கதவுக்காரர் விஷயத்தில் இம்மரபைத் தெய்வத்தின் பக்கமே தள்ள வேண்டியிருக்கிறது. அரை ஷட்டரின் கீழே முதலில் தெரிவன பாதங்களே. பெட்டிக்காரரின் பாதங்கள் ரப்பர்ச் செருப்புக்குள் எப்போதும் ஓடத் தயாராக இருந்தன. முழங்கால்களில், குனிந்து குனிந்து நுழைந்ததால் வந்த தழும்பு. கையில் ஒரு மஞ்சள் துணி. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெட்டிகளைத் துடைத்து, துடைக்கப் பெட்டியில்லாதபோதும் காற்றைத் துடைக்கும் கை. முகத்தில் முகக்கவசம், அதற்குமேல், தெருவின் இரு முனைகளையும் ஒரே சமயத்தில் பார்க்கப் பழகிக்கொண்டிருந்த இரு கண்கள். உச்சியில், ஷட்டர் இடித்த இடத்தில், சிறியதொரு வீக்கம்.

வீடு கடைக்கு மேலேயே இருந்தது. கடைக்குள்ளிருந்து மாடிக்கு மரப்படி. முதல் இரண்டு வாரங்கள் அவர் காலையில் இறங்கி, இருட்டுக் கடைக்குள் அமர்ந்து, பெட்டிகளைத் துடைத்துவிட்டு மேலே வந்தார். மனைவியார் பொறுத்துப் பார்த்தார்.

"என்னங்க, இன்னைக்குக் கடைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"ஊரே அடங்கிக் கிடக்கு. யார் வருவா?"

"பின்ன அரைமணி நேரமாக் கீழே பேச்சுச் சத்தம் கேட்டுச்சே."

"சக்கரமெல்லாம் சரியா ஓடுதான்னு பார்த்துட்டு இருந்தேன்."

"சக்கரத்துகிட்டயா பேசினீங்க?"

அவர் மஞ்சள் துணியை உதறி மடித்தார். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. மறுநாள் அவரே ஒரு பலகையையும் சுண்ணக்கட்டியையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "எதையாவது எழுதி மாட்டுங்க. எழுதறதைப் பார்த்தாவது ஜனங்க சிரிப்பாங்க. சிரிக்கறவங்கள்ல ஒருத்தர் வாங்குவார்."

இங்கே இவ்வினத்தின் தலையாய பழக்கத்தைக் காண்கிறோம்: பலகை எழுதுதல். அரைக்கதவுக்காரர் தம் சரக்கை மாற்றுமுன் பலகையை மாற்றுவார். பெயர் மாறினால் பொருள் மாறும் என்பது அவர் கொள்கை. பெட்டிக்காரர் தம்மிடமிருந்த இருபத்தெட்டு அங்குலப் பெட்டிகளை நிமிர்த்தி நிறுத்தி, 'வீட்டிலிருந்து வேலை செய்வோர்க்கு ஏற்ற மேசை' என்று எழுதினார். அடுத்த கடை முடிதிருத்துபவர்தான் முதலில் வந்து பார்த்தார். அவரும் அரைக்கதவுக்காரரே, அவர் கதவு கால்பங்குதான் திறந்திருந்தது.

"அண்ணே, மேசை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு சக்கரம் இருக்கே."

"இருந்தா என்ன?"

"நான் இங்க எழுத ஆரம்பிச்சா, மேசை அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துடும்."

இரண்டாவதாக வந்தவர் சிரிக்கவில்லை. நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் அவர். சட்டைப்பையில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைச் சீட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் துருத்திக்கொண்டிருந்ததால், மஞ்சள் சீட்டுக்காரர் என்று தெரு அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தது. நேர்மையானவர். தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். இத்தகையோரிடம் பேசுவது எத்துணை கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

"இது என்ன?"

"மேசை சார்."

"கைப்பிடி இருக்கு."

"தூக்கிட்டுப் போற மேசை சார்."

"எங்கே தூக்கிட்டுப் போறது? அதான் யாரும் எங்கயும் போகக் கூடாதே." சீட்டு ஒன்று கிழிந்தது.

பத்து நாளில் பட்டியலில் முகக்கவசம் சேர்ந்தது. பெட்டிக்காரர் அன்றிரவே பலகையை அழித்தார். மறுநாள் காலை, பன்னிரண்டு பெட்டிகளின் கைப்பிடிகளை உயரமாக இழுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முகக்கவசத்தை மாட்டி, வரிசையாக நிறுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால் தலையில்லாத நோயாளிகள் மருத்துவரைக் காணக் காத்திருப்பது போலிருந்தது. மஞ்சள் சீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, விரல்விட்டு எண்ணினார்.

"முகக்கவசம் பன்னண்டு. பெட்டி இருநூறு. இப்ப நீங்களே சொல்லுங்க, இது எந்தக் கடை?"

"முகக்கவசக் கடைதான் சார். மத்ததெல்லாம் அதை மாட்டறதுக்கு."

இரண்டாம் சீட்டு கிழிந்தது. அதை நீட்டியபோது அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அச்சமாக இருந்தது. "மூணாவது தடவை சீட்டு எழுத மாட்டேன். அரக்குதான்."

அரக்கு என்றால் என்ன என்பதைப் பெட்டிக்காரர் அந்த வாரமே கண்ணால் கண்டார். முடிதிருத்துபவரின் கடைப் பூட்டின்மேல் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் சிவந்த அரக்கு உருக்கி, முத்திரை குத்தியிருந்தார்கள். மறு அறிவிப்பு வரும்வரை உரிமையாளரே கை வைக்கக் கூடாது. முடிதிருத்துபவர் தம் மூடிய கதவின் முன்னே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு முட்டை விற்க ஆரம்பித்திருந்தார். முட்டை பட்டியலில் இருந்தது.

"எப்படி மாட்டினீங்க?" என்று கேட்டார் பெட்டிக்காரர்.

"மஞ்சள் சீட்டுக்காரர்தான், சாதாரண சட்டையில வந்தாருண்ணே. தொப்பி, முகக்கவசம். முடி வெட்டணும்னாரு. உட்கார வெச்சேன். இடது பக்கம் முடிச்சு வலது பக்கம் போறேன், பையில இருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டறாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கத்திரியைக் கீழ வெக்கச் சொல்லிட்டாரு. வலது பக்கம் அப்படியே கிடக்கு. ஊர்ல எல்லாக் கடையும் மூடியாச்சு, அவருக்கு யாரு வெட்டுவா? அதனால தொப்பியைக் கழட்டறதே இல்லையாம். தொப்பி போட்ட ஆளு யார் வந்தாலும் பார்த்துப் பேசுங்க."

பெட்டிக்காரர் திரும்பித் தம் கடையைப் பார்த்தார். முடிதிருத்துபவருக்கு என்ன, கத்திரியும் சீப்பும் மூன்று மாதம் கிடந்தாலும் கத்திரியும் சீப்புமாகவே கிடக்கும். பெட்டி அப்படிப்பட்டதன்று. காற்றுப் புகாத கடையில் ஒரு மாதம் அடைத்து வைத்தால் உள்துணியில் பூஞ்சை பூக்கும். சக்கரத்து ரப்பர் பிசுபிசுக்கும். ஒட்டிய பசை கழன்று கைப்பிடி கையோடு வரும். அரக்கு விழுந்தால், இருபத்திரண்டு ஆண்டுகளில் சேர்த்த அத்தனையும் திறக்கும் நாளில் குப்பைதான். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. அன்று மாலை பட்டியல் வாசிக்கப்பட்டபோது அவர் உதடுகூட அசையவில்லை. மனைவியார்தான் காது கொடுத்துக் கேட்டு, "காய்கறி" என்றார்.

"நமக்கும் காய்கறிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பெட்டிக்கும் மேசைக்கும் இருந்த சம்பந்தம்தான்."

இவ்வாறாக மூன்றாம் பிறவி நிகழ்ந்தது. சிறிய பெட்டிகளைத் திறந்து, படி போல அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெங்காயத்தைக் கொட்டினார்கள். பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் கிடந்ததால் வெங்காயத்துக்கே ஒரு குடிப்பிறப்பு வந்துவிட்டது. ஜனங்களுக்குப் பிடித்தது. மண் இல்லை, ஈ இல்லை, மூடியின் உள்பக்கம் வலைப்பைகூட இருந்தது. வெளியே வர அஞ்சியவர்களின் வீட்டுக்குப் பெட்டிக்காரரே ஒரு பெட்டியில் நிரப்பி உருட்டிக்கொண்டு போனார். அடங்கிய தெருவில் சக்கரங்கள் கடகடவென்று உருண்ட ஒலிக்குச் சன்னல்கள் திறந்தன. காவலர் ஒருவர் மறித்தார்.

"எந்த ஊருக்குக் கிளம்பிட்டே?"

"நான் எங்கயும் போகல சார். வெங்காயம்தான் போகுது."

பிழைத்தார். பிழைத்ததோடு நின்றாரா? அங்கேதான் இவ்வினம் தன் இயல்பைக் காட்டும். அரைக்கதவுக்காரர் ஒரு வேடத்தைப் போட்டால் அரிதாரம் எலும்புவரை இறங்கும். பெட்டிக்காரர் பெட்டிகளிலிருந்த விலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தெறிந்தார். பழைய பெயர்ப்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். மனைவியாரையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

"யாராவது வந்து சூட்கேஸ் இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"இருக்குன்னு சொல்லுவேன். இருநூறு இருக்கே."

"அய்யோ. 'சூட்கேஸா, அப்படின்னா என்ன'ன்னு கேக்கணும்."

"அந்த அளவுக்கு வேண்டாங்க. நம்ம கல்யாணத்துக்கு வந்தவங்க யாராவது கேட்டா அடிப்பாங்க."

ஒரு திங்கட்கிழமை, மணி ஒன்பதே முக்கால். கடை மூடக் கால்மணி நேரம். அரை ஷட்டரின் கீழே இரண்டு கறுப்புக் காலணிகள் வந்து நின்றன. பெட்டிக்காரர் குனிந்து பார்த்தார். காலணிக்கு மேலே சாதாரண சட்டை. சட்டைக்கு மேலே முகக்கவசம். முகக்கவசத்துக்கு மேலே தொப்பி.

உள்ளே வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார். "பெட்டி ஒண்ணு வேணும்."

"பெட்டியா? என்ன பெட்டி சார்?"

"சூட்கேஸ்."

பெட்டிக்காரர் அப்போது இருபத்துநான்கு அங்குலப் பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்திருந்தார். இருபத்தெட்டு அங்குலம் ஒன்று அவர் முதுகுக்குச் சாய்மானமாக இருந்தது. தலைக்கு மேலே அடுக்குகளில் நூற்றெழுபது பெட்டிகள், சாட்சி சொல்ல வந்தவை போல, வாய் மூடி நின்றன.

"இங்க அதெல்லாம் விக்கறதில்ல சார். வெங்காயம் இருக்கு. உருளைக்கிழங்கு இருக்கு."

"நீங்க உட்கார்ந்திருக்கறது?"

"இது உட்கார்ற சாமான் சார்."

"மேல அடுக்கியிருக்கறது?"

"கூடை சார். வெங்காயக் கூடை."

"கூடைக்கு நம்பர் பூட்டு எதுக்கு?"

"இன்னைக்கு வெங்காயம் விக்கற விலைக்குப் பூட்டித்தானே வெக்கணும்."

வந்தவர் முகக்கவசத்துக்குள்ளே மூச்சு விட்டார். கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே முட்டைக்கடையிலிருந்து முடிதிருத்துபவர் தம் தலையைத் தட்டிக்காட்டி, தொப்பி, தொப்பி என்று சைகை செய்துகொண்டிருந்தார். மாடிப்படியில் மனைவியாரின் கால்கள் பாதியில் நின்றன.

"சரி. கூடையாவே இருக்கட்டும்." தொப்பிக்காரர் மூலையில் கிடந்த சிறிய நீலப் பெட்டியைக் காட்டினார். "அந்தக் கூடையைக் குடுங்க. நாப்பது நாளைக்குத் துணி வெக்கணும்."

வாசகரே, இந்த இடத்தில் சற்று நிற்போம். பெட்டிக்காரர் வாயை மூடிக்கொண்டு நீலப் பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அல்லது, அதுவும் விற்பனைக்கன்று என்று சாதித்திருக்கலாம். அவர் அறிவு அதைத்தான் சொல்லிற்று. ஆனால் அந்த நீலப் பெட்டி இருபது அங்குலம், துணி உடம்பு, இரண்டே சக்கரம். நாற்பது நாள் துணியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் அதை இழுத்துக்கொண்டு போகும் காட்சி அவர் கண்முன் வந்தது. வழியில் ஜிப் பிளந்தது. சட்டைகள் சாலையில் சிதறின. அரக்குக்கு அஞ்சிய நெஞ்சம் ஒரு நொடி பொறுத்தது, இரண்டு நொடி பொறுத்தது. அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நாப்பது நாளைக்கு அது பத்தாது சார்."

சொன்னதும் உடைந்தது அணை. "அது ரெண்டு நாள் போய் வர்றவங்களுக்கு. ஜிப்பு ஒத்தை ஓட்டம், இழுத்துக் கட்டினா பல்லு விட்டுடும். உங்களுக்கு இதுதான் சார்," என்று முதுகுக்குப் பின்னாலிருந்த இருபத்தெட்டு அங்குலத்தை முன்னே இழுத்தார். "நாலு சக்கரம். ஒத்தை விரலால தள்ளுங்க, பாருங்க, எப்படிச் சுத்துதுன்னு. உள்ள ரெண்டு அறை. அழுக்குத் துணிக்குத் தனிப் பை. உடம்பு உரம் எப்படின்னு சந்தேகமா?" அவர் அதைப் படுக்க வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வாடிக்கையாளர் முன்னும் அப்படித்தான் ஏறி நின்றிருந்தார். "எழுபது கிலோ நிக்கறேன் சார். குதிக்கிறேன். எங்கயாச்சும் பள்ளம் விழுதா சொல்லுங்க."

குதித்தார். உச்சி, மேலே சுருண்டிருந்த ஷட்டரில் இடித்தது. அந்த இடியில்தான் அவருக்கு நினைவு திரும்பியது.

பெட்டிக்குமேல் நின்றபடியே அவர் உறைந்தார். ஒரு வெங்காயம் படியிலிருந்து உருண்டு கறுப்புக் காலணியில் முட்டி நின்றது. தொப்பிக்காரரின் கை சட்டைப்பைக்குள் போனது. பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க," என்றார் மஞ்சள் சீட்டுக்காரர். அவரேதான். கையிலிருந்தது மஞ்சள் சீட்டன்று, வெள்ளைத் தாள். "தனிமை முகாம்ல எனக்கு டியூட்டி போட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில சேரணும். நாப்பது நாள் வீட்டுக்கு வர முடியாது. வீட்ல இருந்த பெட்டி ரெண்டும் பூட்டு உடைஞ்சு கிடக்கு. ஊர்ல இருந்த சூட்கேஸ் கடை அத்தனையும் நானே மூடிட்டேன். திறந்திருக்கறது இது ஒண்ணுதான்."

"பெட்டியை எடுத்துக்கோங்க சார்," என்றார் பெட்டிக்காரர், இன்னும் இறங்காமல்.

"எப்படி எடுத்துக்கறது? ஓசியில வாங்க மாட்டேன். காசு குடுத்தா ரசீது வேணும். ரசீதுல சூட்கேஸ்னு இருந்தா, வித்ததுக்கு உங்களுக்கு அரக்கு, வாங்கினதுக்கு எனக்கு விசாரணை."

நேர்மை ஒரு மனிதரை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது, பாருங்கள். விற்க முடியாதவரும் வாங்க முடியாதவரும் ஒரு பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் அதன்மேலேயே நின்றார்.

படியில் நின்ற கால்கள் மிச்சத்தையும் இறங்கி வந்தன.

"சார், இருபது கிலோ வெங்காயம் வாங்கிக்கோங்க," என்றார் மனைவியார்.

"எனக்கெதுக்கும்மா வெங்காயம்? முகாம்ல சாப்பாடு போடறாங்க."

"இருக்கட்டும். வெங்காயம் அத்தியாவசியம். ரசீதுல வெங்காயம்னே எழுதித் தர்றோம், பெட்டியோட விலையையும் சேர்த்து. கட்டித் தர்றதுக்குச் சாக்கு தீர்ந்துபோச்சு. அதனால இதுல போட்டுத் தர்றோம். சாக்கைத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க கடையில இல்ல."

மஞ்சள் சீட்டுக்காரர் யோசித்தார். விதிகளின் ஒவ்வொரு பிரிவாக மனத்துக்குள் புரட்டுகிறார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. எந்தப் பிரிவிலும் சாக்கு இன்ன வடிவில் இருக்க வேண்டும் என்று இல்லை.

"பத்துக் கிலோ வாங்கினா ஆகாதா?"

"இருபத்தெட்டு அங்குலத்துக்கு இருபது கிலோ சார்," என்றார் பெட்டிக்காரர். அளவு விஷயத்தில் அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பெட்டிக்காரர் ஒருவழியாக இறங்கினார்; வெங்காயம் நிரம்பியது. பின் அவர் எண்பூட்டை எப்படித் திருப்புவது என்று மும்முறை காட்டி, சக்கரத்தை மஞ்சள் துணியால் துடைத்து, கைப்பிடியை இழுத்துக் கொடுத்தார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பனின் கண்கள் அவருக்கு அப்போது இருந்தன. ஊரடங்கு தொடங்கியபின் அவர் விற்ற முதல் பெட்டி அது.

வெளியே முட்டைக்கடை எழுந்து நின்றது. "சார், தொப்பியைக் கழட்டாமலே முகாம்ல நாப்பது நாள் இருக்கப் போறீங்களா? அங்க வெயில் அதிகமாம்."

மஞ்சள் சீட்டுக்காரர் முடிதிருத்துபவரைப் பார்த்தார். பிறகு பூட்டிலிருந்த அரக்கைப் பார்த்தார். "முத்திரை சரியா இருக்கான்னு ஆய்வு பண்ணணும்," என்றார். அரக்கைத் தாமே தட்டி உடைத்தார். உள்ளே ஆய்வு கால்மணி நேரம் நடந்தது. வெளியே கத்திரிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். இரு பக்கமும் ஒத்திருந்தன. பையைத் தடவிப் பார்த்து, "அரக்கு தீர்ந்துபோச்சு. புதுசு வந்தப்புறம் பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை உருட்டிக்கொண்டு தெருமுனை திரும்பினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அரை ஷட்டரின் கீழே நான்கு ஜோடிக் காலணிகள். முகாமுக்குப் போகும் செவிலியர் இருவர், மருத்துவமனை ஓட்டுநர் ஒருவர், நகராட்சி எழுத்தர் ஒருவர். நால்வருக்கும் ஆளுக்கு இருபது கிலோ வெங்காயம் வேண்டியிருந்தது. மாலையில் அவர்களில் மூவர் வந்து, வெங்காயத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே வெங்காயம் அடுத்த வாரம் இன்னும் நான்கு முறை விற்பனையாகி, நான்கு முறை வீடு திரும்பியது. அவ்வளவு ஊர் சுற்றிய வெங்காயம் அந்த ஆண்டில் வேறு இல்லை.

ஒருநாள் எல்லா அறிவிப்புகளும் ஓய்ந்தன. பெட்டிக்காரர் ஷட்டரை முழுவதும் தூக்கினார். அது கிறீச்சிட்டு மேலே போனபோது, கடைக்குள் இவ்வளவு வெளிச்சம் வருமா என்று அவரே கூசினார். பெயர்ப்பலகையைத் திருப்பி மாட்டினார். பிற்பகலில் ஓர் இளந்தம்பதி வந்தார்கள். கையில் பயணச்சீட்டு.

"சூட்கேஸ் ஒண்ணு பார்க்கலாமா அண்ணே?"

பெட்டிக்காரரின் கண்கள் தெருவின் இரு முனைக்கும் ஓடின. "சூட்கேஸா? இங்க அதெல்லாம் விக்கறதில்லைங்க."

"என்னங்க," என்று படியிலிருந்து குரல் வந்தது.

அவர் விழித்துக்கொண்டார். தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "மன்னிச்சுக்கோங்க. இருக்கு, நிறைய இருக்கு. உங்களுக்கு எத்தனை கிலோ?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; உங்களுக்குக் கடை இல்லை, ஷட்டர் இல்லை, இவ்வினத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கலாமா? அந்நாளில், படுக்கையறையின் ஒரு மூலையை அலுவலகம் என்று உலகுக்குக் காட்டியவர் யார்? காமிராவுக்குத் தெரியும் பாதிக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை அணிவித்து, தெரியாத பாதியை அதன் போக்குக்கு விட்டவர் யார்? மேலதிகாரியின் முகம் திரையில் வந்ததும் அடுப்பில் பொங்கிய பாலைப் பார்க்கவேயில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டவர் யார்? அவர் திறந்து வைத்ததும் பாதிக் கதவுதானே?

அதுவும் இல்லை என்பீர்களானால், கட்டிலுக்கு அடியிலிருக்கும் அந்தப் பெரிய பெட்டியை ஒருமுறை வெளியே இழுங்கள். அந்த ஆண்டு எங்கேயோ வாங்கினீர்களே, அதுதான். உள்துணியின் மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள். சருகு போல, மெல்லியதாக, இளஞ்சிவப்பாக ஏதேனும் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் யாரிடமும் சொல்ல வேண்டாம். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பாதி சாத்தினால் போதும். உங்களுக்கு அது பழக்கம்தானே.